தாடையில் போட்டுப் பார்த்தது

முப்பத்தாறு வயதில் முகப்பரு திரும்பி வரும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் இந்தத் தொழில் பக்கமே வந்திருக்க மாட்டேன். தாராவியில் பை தைக்கிற பட்டறைக்கு மேலே, ஒற்றை அறையில் பார்லர் வைத்திருக்கிறேன். கீழே மெஷின் ஓடினால் மேலே என் நாற்காலியும் சேர்ந்து அதிரும். அதை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இரும்பு ஏணியில் ஏறி வந்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். டெய்லர் சட்டையில் பொத்தான் இல்லை என்றால் யாருக்கும் கவலை இல்லை. பார்லர்காரி முகத்தில் ஒரு கட்டி வந்துவிட்டால் தெருவுக்கே தூக்கம் போய்விடுகிறது.

பள்ளிக்கூடம் படிக்கும்போது எனக்குப் பரு வந்தது. எல்லோருக்கும் வருகிறதுதான், போய்விட்டது. கல்யாணம், பிள்ளை, கடை எல்லாம் ஆன பிறகு, போன மழைக்காலத்தில் இடது தாடையில் ஒன்று முளைத்தது. பட்டாணி அளவு இருக்கும். முனை கிடையாது, தொட்டால் காது வரை வலிக்கும். அது ஆறுவதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று, பிறகு மோவாயில். ஒன்று அமுங்கிவிட்டது என்று நிம்மதியாகக் கண்ணாடி பார்க்கிற அன்றைக்குப் பார்த்து அடுத்தது கிளம்பியிருக்கும். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். முகத்தோடு சண்டை போட முடியாது என்பதால் வீட்டுக்காரரோடு போட்டேன்.

"கண்ணாடிய அங்கிட்டு திருப்பி வையி. பாத்துக்கிட்டே இருந்தா வரத்தான் செய்யும்" என்றார் அவர்.

பார்லர் நடத்துகிறவளிடம் கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது.

எதிர்வீட்டு மதினி உடம்புச் சூடு என்றார். வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன். மீன் விற்கிற அம்மா மீனைக் குறைக்கச் சொன்னார், தன் வியாபாரத்துக்குத் தானே விரோதமாக. வேப்பிலை, முல்தானி மட்டி, ஐஸ் கட்டி, ஒன்றையும் விடவில்லை. பருவும் விடவில்லை. புருவம் எடுக்க வந்த ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "யக்கா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று என் வயிற்றைப் பார்த்தாள்.

மாஸ்க் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதற்கும் வழி இல்லை. புருவம் எடுக்க நூலைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். மாஸ்க்கை இறக்காமல் அது முடியாது. வாடிக்கையாளர் மல்லாந்து கிடக்க, அவர் கண்ணுக்கு ஒரு சாண் மேலே என் தாடை தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்பேன். வலிக்கிற நேரத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்துவிடுவார்கள்.

என் தாடைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. புதிதாக எந்த க்ரீம், எந்த ப்ளீச், எந்த ஃபேஷியல் கிட் வந்தாலும் முதலில் என் இடது தாடையில் தடவிப் பார்ப்பேன். மறுநாள் காலையில் சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால்தான் அடுத்தவர் முகத்துக்குப் போகும். எங்கள் சந்தில் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதில்லை. "நீங்க போட்டுப் பாத்தியளா?" என்ற ஒரே கேள்விதான். நான் முகத்தைத் திருப்பித் தாடையைக் காட்டுவேன். அவர்கள் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். என் கடைக்கு வேறு போர்டு கிடையாது.

இப்போது அந்த போர்டிலேயே கட்டி. புது க்ரீமால் வந்ததா, தானாக வந்ததா, எனக்கே தெரியவில்லை. ஒரு டப்பாவைச் சந்தேகப்பட்டு நிறுத்துவேன், அப்போதும் வரும். சரி, அது குற்றமற்றது என்று திரும்ப எடுப்பேன், வரும். நல்ல சாமான் பாதிக்கு மேல் தூக்கிப் போட்டேன். "போட்டுப் பாத்தியளா" என்று கேட்கிறவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் செம்பூர் கல்யாணம் வந்தது. முன்பு எங்கள் சந்தில் இருந்து, பிறகு செம்பூரில் பில்டிங்குக்குக் குடிபோன குடும்பம். மணப்பெண்ணோடு வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் நான்தான் செய்ய வேண்டும் என்று பேச்சு. இது நன்றாக அமைந்தால் அந்த பில்டிங் முழுக்க என்னைக் கூப்பிடும். ரோட்டோரமாக, ஏணி இல்லாமல், தரையில் ஒரு கடை எடுத்துவிடலாம் என்று மனசுக்குள் பெயின்ட் வரைக்கும் அடித்துவிட்டேன். அதற்குள் முகத்தைச் சரி செய்தாக வேண்டும் என்று சயானில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் விளக்கடியில் பார்த்துவிட்டு, இந்த வயதில் பெண்களுக்கு ஹார்மோனால் தாடை ஓரத்தில் இப்படி வருவது சகஜம்தான் என்றார். ராத்திரி தடவ ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். முதலில் அதிகமாகும், பிறகுதான் குறையும், சில மாதம் பொறுக்க வேண்டும் என்றார். கல்யாணத் தேதியைச் சொன்னேன். பரு தேதி பார்க்காது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சோதித்துப் பார்க்கிற கதையைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வலிக்கிற இடத்திலேயே தினம் ஒன்றைப் பூசினால் எப்படி ஆறும்? அது போகட்டும். உன் தோலுக்கு ஒத்துக்கொண்டது அவர்கள் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது?" என்று ஹிந்தியில் கேட்டார். வருகிறவர் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார், அதுதான் சரி என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இத்தனை வருஷம் என் தாடையைக் கொடுத்துக் கடை நடத்தியிருக்கிறேன், அது ஒன்றுக்கும் உதவாது என்கிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ட்ரையலுக்கு மணப்பெண்ணும் அவள் அம்மாவும் ஏணி ஏறி வந்தார்கள். மகள் ஏதோ ரீல்ஸில் பார்த்து ஆசைப்பட்ட ஃபேஷியல் கிட்டை நான் வாங்கி வைத்திருந்தேன். அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"பொண்ணு காதுக்குப் பொறத்தால ஒரு பொட்டு வைக்கேன். ரெண்டு நாள் பாத்துட்டு மூஞ்சில போடுவோம்."

"எம் மவ மேலயா டெஸ்ட் பண்ணுதீய? எப்பவும் போல ஒங்க மூஞ்சில போட்டுக் காட்டுங்க."

அன்றைக்கு நூல் வேலை இல்லை என்று போட்டிருந்த மாஸ்க்கை இறக்கினேன். ஜெல் போட ஆரம்பித்த பிறகு இன்னும் மோசமாகியிருந்தது.

"இதுல போட்டு என்னத்தப் பாக்க, சொல்லுங்க."

அந்த அம்மா டப்பாவைக் கீழே வைத்தார். மகள்தான் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். "சோடோ நா மம்மி, விடு, காதுதான. யாரு பாக்கப் போறா. வைங்க ஆன்ட்டி."

வைத்து அனுப்பினேன். ஆனால் பழக்கம் விடவில்லை. கட்டி இல்லாத வலது பக்கம் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது, டாக்டருக்குத் தெரியாமல் அங்கே நானும் ஒரு விரல் தடவிக்கொண்டேன். காலையில் பார்த்தால் தோல் வழுவழுவென்று இருந்தது. ஒரு சிவப்பு இல்லை, ஒரு அரிப்பு இல்லை. நல்ல க்ரீம்தான், வீணாக அந்தம்மாவைக் கலவரப்படுத்திவிட்டேனே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மகளிடமிருந்து போட்டோ வந்தது. காதுக்குப் பின்னால் தடித்து, சிவந்து, நீர் கோத்திருந்தது.

பழைய மாதிரி என் தாடையைக் கேட்டிருந்தால் அது சரி என்று சொல்லியிருக்கும். நான் அந்தப் பெண்ணின் முகம் முழுக்க அதைப் பூசியிருப்பேன். இத்தனை காலம் எந்த முகமும் கெடாமல் போனது என் சாமர்த்தியத்தால் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்தார். "நல்லவேள, மூஞ்சில போடல. ஒங்கள நம்பியிருந்தா எம் மவ கதி என்னாயிருக்கும்?"

"அதுக்குத்தான காதுல வச்சேன்."

"அதெல்லாம் வேண்டாம்மா. மாட்டுங்கால ஒரு பார்லர் பேசியாச்சு. அங்க டெஸ்ட்டு கிஸ்ட்டு ஒண்ணுமே கிடையாதாம். நேரா ஃபேஷியல்தானாம்."

எந்தக் கிட் போடுவார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை ஏணிக்குக் கீழே எறிந்திருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணின் காது கண்ணிலேயே நின்றது. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் குரலில் அனுப்பினேன். இந்தக் க்ரீமை எங்கே போனாலும் போட விடாதே, டப்பாவின் போட்டோவும் அனுப்பியிருக்கிறேன், அவர்களிடம் காட்டு என்று. கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் பதில் வந்தது. அங்கேயும் அதே கிட்டைத்தான் எடுத்தார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மம்மியிடம் சொல்லவில்லையாம்.

கல்யாணம் முடிந்து எதிர்வீட்டு மதினி போனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அதில் கல்யாண போட்டோ. மணப்பெண்ணின் முகம் ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

"பாத்தியா, மாட்டுங்கா பார்லர்னா சும்மாவா" என்றார்.

அந்த முகத்தைக் காப்பாற்றியது நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. மதினி போனிலிருந்து கண்ணை எடுத்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நிமிர்ந்தார். அவர் பார்வை நேராக என் தாடைக்குத்தான் வந்தது.

"நல்லாருக்கு மதினி" என்றேன்.