பேரைப் போடாத ஜெபக் குறிப்பு

போன மாதம் எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், கூடையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒங்க சேக்காளி பாஸ்டருக்கு மூளைக்கு மாத்திர குடுக்காகளாமே... நெசமா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அந்த விஷயம் பாஸ்டருக்கும், அவர் மனைவிக்கும், எனக்கும், மதுரை டாக்டருக்கும்தான் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது. பாஸ்டருக்கு வழிகாட்ட வந்த மென்டர்!

சேக்காளியைத் தேவராஜ் என்று வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவர். திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்தில் சின்ன சபை நடத்துகிறார். (பேர், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். எழுதியதை அவரிடம் காட்டி, "போடுலே" என்று அவர் சொன்ன பிறகுதான் அனுப்புகிறேன். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.)

குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், சொல்லாமல் கிளம்பிப் போன மகன், மழை பொய்த்த வருஷத்து வயிற்றெரிச்சல்... ஊர்க் கவலை எல்லாம் பாஸ்டர் காதில்தான் வந்து விழும். கேட்டதை மனைவியிடம்கூட அவர் சொல்வதில்லை. சரி, அவருக்கே ஒரு கவலை வந்தால்? யாரிடம் போவார்? பாஸ்டரே உடைந்து அழுதால் சபையார் எங்கே போவார்கள்?

அதனால்தான், மதுரையில் ஒரு குழு 'ஊழியர்களுக்கு மென்டரிங்' என்று ஆரம்பித்தபோது எனக்கு சந்தோஷமாக இருந்தது. கிராமத்து பாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த பாஸ்டர் வாரம் தவறாமல் போன் பண்ணுவார். மனம் விட்டுப் பேசலாம். நல்ல ஏற்பாடு — இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

தேவராஜும் மனம் விட்டுப் பேசினார். தூக்கம் வரவில்லை, முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்... எல்லாவற்றையும் கொட்டினார். மென்டர் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். போனிலேயே ஜெபமும் பண்ணினார்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? வாட்ஸ்அப் குரூப்பில் அதை ஜெபக் குறிப்பாகப் போட்டுவிட்டார்!

இன்னாருக்கு இன்ன கஷ்டம், எல்லோரும் ஜெபிக்கவும் என்று சபையார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் ஜெபக் குறிப்பு. நல்ல வழக்கம். ஆனால்... புறணி பேசினால் பாவம், அதையே 'ஜெபிச்சுக்கோங்க' என்று முடித்தால் ஊழியமா? குரூப்பில் இருந்த யாரோ ஒருவர் இன்னொரு குரூப்புக்கு அனுப்ப, அங்கிருந்து காரியாபட்டி, பந்தல்குடி என்று சுற்றி, தேவராஜ் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டது.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. நம்பர் வாங்கி, மென்டருக்கு நானே போன் போட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. அன்பாகத்தான் பேசினார்.

"நான் பேரைப் போடலையே, பிரதர்."

வாஸ்தவம். பேர் இல்லை. 'திருச்சுழி ரோட்டில், கண்மாய்க் கரையோரம் தகரக் கொட்டகையில் ஊழியம் செய்யும் சகோதரர்' என்று மட்டும்தான் இருந்தது. அந்த ரோட்டில், கண்மாய்க் கரையோரம், அப்படி எத்தனை கொட்டகை இருக்கிறது? இதற்குப் பேரையே போட்டிருக்கலாம். (அடையாளத்தை நான் இங்கே மாற்றிவிட்டேன். அவர் மாற்றவில்லை.)

நல்ல எண்ணத்தில்தான் செய்தாராம். எவ்வளவு பேர் ஜெபிக்கிறார்கள் தெரியுமா என்று என்னையே கேட்டார். நல்ல எண்ணம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? நோயாளி சொன்னதை டாக்டர் வெளியே சொன்னால் சும்மா விடுவோமா? கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் சொன்னால்? இன்னொருவருக்கு வழிகாட்ட முதல் தகுதி என்ன — படிப்பா, அனுபவமா, மேடைப் பேச்சா? வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிவதுதான். அதைக் கற்றுக்கொள்ளாதவர்கள் தயவுசெய்து அடுத்தவர் மனதைத் திறக்காதீர்கள். வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் போய் முறையிடும்?

மூளைக்கு மாத்திரை என்று ஊர் பேசியதைக்கூட தேவராஜ் தாங்கிக்கொண்டார். "சுகருக்கு மாத்திர திங்கலையா, அது மாதிரித்தானலே" என்று என்னிடம் சிரித்தார். சபையிலும் யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பரவாயில்லை, இதோடு போயிற்று என்று நானும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆராதனை முடிந்து சபை வாசலில் நின்றிருந்தோம். பருத்தி எடுக்கிற கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண், எல்லோரும் கிளம்பும்வரை ஓரமாகக் காத்திருந்தார். பிறகு கிட்டே வந்தார். நான் நகர்வதற்குள் கேட்டும்விட்டார்.

"அய்யா... நான் ஒங்ககிட்டச் சொன்னதையும் அந்தப் பெரியவுககிட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்லம்மா. ஒரு வார்த்த சொல்லல."

தேவராஜ் சொன்னது சத்தியம். எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டினார். ஆனால் அவர் முகம் தெளியவே இல்லை. அன்றைக்கு தேவராஜ் சாப்பிடவில்லை. தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்போதெல்லாம் அவரிடம் யாரும் தனியாகப் பேச வருவதில்லை. அவருக்காக ஜெபம் மட்டும் பண்ணுகிறார்கள்.