முப்பத்தொன்றாம் எண் நாற்காலி

மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவுக்குக் கீழே, படியிறங்கி இடப்பக்கம் திரும்பினால் ஒரு சின்ன அறை. கதவில் ‘ஆய்வு வடிவமைப்பு மற்றும் புள்ளியியல் உதவி மையம்’ என்று எழுதியிருக்கும். அத்தனை நீளத்தையும் வாசிக்க டாக்டர்களுக்கு ஏது பொழுது? ‘சராசரி அக்கா ரூம்’ என்பார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கே தன் சொந்தப் பெயர் யாரோ தூரத்து உறவுக்காரியின் பெயர்போல ஆகிவிட்டது.

அவளைப் பற்றி உலவும் கதைகளில் பாதி பொய். எந்தப் பாதி என்பதில்தான் யாருக்கும் தெளிவில்லை. வராந்தாவில் ஒரு டாக்டர் தும்மியதைக் கேட்டே, “இவர் ஆய்வுக்கு இன்னும் நாற்பது நோயாளிகள் தேவை” என்று சொன்னாளாம். முடிவை மட்டும் கொஞ்சம் நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று குழைந்த அறுவை நிபுணரை அவள் ஒரு பார்வை பார்த்தாளாம். மூன்று நாள் அவருக்குக் கத்தி பிடிக்கக் கை எழவில்லையாம்.

ஆய்வு தொடங்கும் முன்பே, எத்தனை பேரைச் சேர்ப்பது, யாருக்கு எந்த மாத்திரை என்று எப்படிக் குலுக்கிப் போடுவது, எதை எப்போது அளப்பது என்று கேட்டு வருகிறவர்கள் குறைவு. எல்லாம் முடித்துவிட்டு மூட்டையாகக் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். “வீடு கட்டிக் குடியேறிட்டு, அஸ்திவாரம் எங்க தோண்டலாம்னு கேக்கறீங்களே டாக்டர்” என்பாள். சொல்லிவிட்டு, தோண்டியும் கொடுப்பாள்.

அந்த அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்று அவளுக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. மூன்றாவது, ஜன்னலோரம் கிடக்கும் மர நாற்காலி. அதில் யாரும் உட்காரக் கூடாது. அறையைப் பெருக்கும் அம்மாள், அதன் மெத்தை சில காலைகளில் ஆள் உட்கார்ந்து எழுந்ததுபோலக் குழிந்திருக்கும் என்று சத்தியம் செய்வாள். அந்த அம்மாள் லிஃப்டுக்கு ஆஸ்துமா இருக்கிறது என்றும் சத்தியம் செய்கிறவள் என்பதை இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

நாற்காலியின் கதை பதினெட்டு வருஷத்துக்கு முந்தியது.

அவளுடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஆள் படியில் கால் வைக்கும்வரை விசிலை வாயருகே கொண்டுபோகமாட்டார். வீட்டிலும் அதே வழக்கம். குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று தலைகளை எண்ணி, “எல்லாரும் ஏறியாச்சா?” என்பார். ஏறுவதற்கு வண்டியே இருக்காது, நடந்துதான் போவார்கள்.

ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். “தண்ணியில வழுக்கிருச்சு” என்றார். எல்லாரும் நம்பினார்கள். அவள் விடுப்பு எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். அப்போது கையிலிருந்தது ரத்த அழுத்தத்துக்கான ஒரு புது மாத்திரையின் ஆய்வு. எண்பது பேர். அவளுக்கு அவர்கள் வெறும் எண்கள். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக, பெயர்களை ஆய்வு நர்ஸ் பூட்டிய அலமாரியில் வைத்திருப்பாள். கணக்குப் போடுகிறவள் கண்ணில் காட்டமாட்டாள். அதுதான் முறை. நல்ல முறையும்கூட.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் பதினோரு பேர் வரவில்லை. அந்தக் கட்டங்கள் வெற்றாகக் கிடந்தன.

“எத்தனை பேரும்மா உன் வண்டியில?” என்று கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

“எண்பது பேருப்பா.”

“எல்லாரும் ஏறியாச்சா?”

“பதினோரு பேரு வரலை. அவங்கள விட்டுட்டுத்தான் போகணும். பெரிய டாக்டர் அவசரப்படுத்தறார்.”

 “நேரமாச்சுன்னா வண்டிய எடுக்கத்தானே வேணும்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் பதினோரு வரிகளையும் நீக்கினாள். மிச்சமிருந்தவர்களுக்கு மாத்திரை அருமையாக வேலை செய்திருந்தது. கட்டுரை வந்தது, பாராட்டு வந்தது. மருத்துவமனை முழுக்க அந்த மாத்திரையை எழுத ஆரம்பித்தார்கள்.

நான்கு மாதம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். அவருடைய கண்ணாடிக் கூட்டை அம்மா எடுத்துக் கொடுத்தாள். “இதுல என்னமோ ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்குடி, பாரு.” மடித்து வைத்த ஆய்வு அட்டை. எண் 31. பின்பக்கத்தில், டிக்கெட் எழுதிப் பழகிய குட்டிக் கையெழுத்து: ‘எழுந்தால் தலை சுற்றுகிறது. போனால் கேட்பார்கள், சொல்ல வேண்டிவரும். பெண்ணின் ஆராய்ச்சி கெட்டுப்போகும். போக வேண்டாம்.’

மகள் கணக்குப் போடும் ஆய்வு என்று தெரிந்து, அவளிடம் மூச்சுக்கூட விடாமல் அதில் பெயர் கொடுத்திருக்கிறார். முப்பத்தொன்றாம் வரியை அவள் நீக்கியபோது முப்பத்தொன்று இரண்டடி தள்ளிப் படுத்திருந்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனாள். “ஒரு ஆள் விழுந்ததை வச்சு என்னம்மா முடிவு பண்றது?” என்றார் அவர். அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தையே அவளுக்குத் திருப்பிச் சொன்னார். அந்த மாத்திரை நிற்க இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அன்று முதல் ஜன்னலோர நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யாரும் என்றால், நம்மைப் போன்றவர்கள்.

போன மாதம் மூட்டு டாக்டர் வந்தார். கெட்டிக்காரர், துடிப்பானவர், எந்த நாற்காலி கண்ணில் பட்டாலும் உட்காருகிறவர்.

“அங்க வேண்டாம் டாக்டர். ஆள் இருக்கு.”

அவர் பாதி உட்கார்ந்தபடியே எழுந்தார். அவருடையது மூட்டு வலிக்கான புது மாத்திரை. நூற்றிருபது பேர், பாதிப் பேருக்குப் புதியது, பாதிப் பேருக்குப் பழையது. ஒன்பது கட்டங்கள் வெற்று.

“அந்த ஒன்பதையும் தூக்கிடுங்கக்கா. வலி போயிருக்கும், அதான் வரலை. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லா வார்டுலயும் புது மாத்திரைதான். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

ஜன்னலோர நாற்காலியின் மரம் மெல்ல முனகியது. காற்று இல்லை.

“வலி போனதாலதான் வரலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“வேற என்ன காரணம் இருக்கும்?”

“அதைத்தான் டாக்டர் நானும் கேக்கறேன். எனக்குப் பத்து நாள் வேணும்.”

“கணக்கு போடச் சொன்னா காணாம போனவங்களத் தேடப் போறேங்கறீங்களே. போலீஸ் ஸ்டேஷன்ல வேலைக்கு முயற்சி பண்ணீங்களாக்கா?”

“பண்ணேன். அங்க இவ்வளவு பொய் கேக்க முடியாதுன்னு இங்க வந்துட்டேன்.”

கையெழுத்து கிடைக்காது என்று அவருக்குப் புரிந்தது. முறைத்துக்கொண்டே போனார்.

பெயரை அவள் பார்க்கக் கூடாது. ஆகவே ஆய்வு நர்ஸ் தன் அலமாரியைத் திறந்து அங்கிருந்தே போன் செய்வாள். எண்ணை மட்டும் இங்கே வந்து சொல்வாள். மூன்று பேர் ஊர் மாறிப்போய் நன்றாக இருந்தார்கள். ஒருத்தருக்கு வரிசையில் நிற்கப் பிடிக்கவில்லை. நாலு பேர் வயிறு எரிந்ததால் மாத்திரையைத் தூக்கி எறிந்திருந்தார்கள். அந்த நாலில் இரண்டு பேர் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்து வேறு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர்கள்.

“ஏன் நம்மகிட்ட சொல்லலைன்னு கேட்டியா?”

“கேட்டேன்க்கா. ‘டாக்டர் தம்பி ரொம்ப ஆசையா பண்ணிட்டிருந்தாரு, அவர் மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்’ங்கறாங்க ஒரு அம்மா.”

அவள் அந்த நாலு எண்களையும் தனித்தாளில் எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாவது ஆள், எண் 52. போன் அடித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் விலாசம் தேடி ஒரு மதியம் நேரிலேயே போனாள், பூட்டிய வீடு. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில்.

பத்தாம் நாள், அதுவரை முத்திரையிட்டு வைத்திருந்த உறையைப் பிரித்து, யாருக்கு எந்த மாத்திரை என்று பார்த்தார்கள். வயிறு எரிந்த நாலு பேரும் புது மாத்திரைக்காரர்கள். மூட்டு டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை வாசித்தார். அவருடைய துடிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

“எங்கம்மாவுக்கு அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்க்கா.”

“வேண்டாம் டாக்டர்.”

“நாலு பேருதானே, தற்செயலா இருக்கக் கூடாதா?”

“இருக்கலாம். அது என்னன்னு தெரியறவரைக்கும் வார்டுக்குப் போகாது.”

“போகாது” என்றார் அவரும். எழுந்து வாசல்வரை போனவர், ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து, தன்னை அறியாமல் லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக நாற்காலிக் கால்வரை வந்திருந்தது. அவள் அறிக்கையின் முதல் பக்கத்தில், ஒருவரைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று எழுதினாள். பிறகு கோப்பை மூடப் போனாள்.

“எல்லாரும் ஏறியாச்சா?”

குரலில் அதே பழைய பொறுமை. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு ஆய்வின் முடிவிலும் கேட்பதுதான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரியும். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

“ஒருத்தர் பாக்கிப்பா. விசில் ஊதிராதீங்க” என்றாள். கோப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு, போனை எடுத்து, ஆய்வு நர்ஸின் இணைப்பைக் கூப்பிட்டாள்.