கோடையில் எடுத்த வழிப்படம்

எனக்கு எழுத்து வராது; என் நாலு வயது மகளுக்குப் பேச்சு வராது. சிங்கப்பூரில் சிமெண்டு சுமந்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, அவளோடு பேசப் படம்தான் கிடைத்தது.

வலங்கைமான் பக்கம் ஆற்றங்கரையில் எங்கள் வீடு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளி அக்கரையில். காலையில் செய்வதையெல்லாம் வரிசையாகப் படமாக ஒட்டச் சொன்னார் டீச்சர். நானே போனில் எடுத்தேன்: பல் விளக்குவது, இட்லி, செருப்பு, போகும் வழி, பள்ளிக்கூடம். ஒன்றை முடித்ததும் மகளே அதைப் பிய்த்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போவாள்.

நிற்பதற்கு ஒரு சிவப்புக் கைப் படம். அதைக் காட்டினால் யாரானாலும் அப்படியே நிற்க வேண்டும். நான் இட்லியும் வாயுமாகச் சிலையாவேன். சிலை பேசிக்கொண்டே இருக்கும் என்பதுதான் குறை. டீச்சர் கண்டித்தார்.

"சார், படத்தக் காட்டுறப்ப பேசாதீங்க. சத்தம் கேட்டா அவ மெரளுவா."

வழிப்படத்தை எடுத்தது கோடையில். ஆறு மணலாகக் கிடந்தது. பாலம் வழியாகப் போனால் சுற்று என்று ஊரே மணலில்தான் நடந்தது.

மேட்டூர் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்த காலையில், அதைப் பார்க்க அக்கரை டீக்கடைக்குப் போயிருந்தேன். முதலில் நுரையும் சருகுமாக வந்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. நிமிர்ந்தால், எதிர்ச் சரிவில் என் மகள் பையும் செருப்புமாக இறங்குகிறாள். படத்தில் இருந்த வழி அதுதானே.

கரையே கத்தியது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து இன்னும் வேகமாக நடந்தாள். ஆற்றங்கரையில் பிறந்தும் நீச்சல் தெரியாத மேதை நான். பாலத்தைச் சுற்றி ஓடினால் அதற்குள் முடிந்துவிடும்.

"கத்தாதீங்க. புள்ளைக்குச் சத்தம் ஆகாது," என்று எல்லோர் காலிலும் விழாத குறையாகச் சொன்னேன்.

கரை அடங்கியதும் அவள் தலையைத் தூக்கினாள். நான் தண்ணீர் ஓரம் போய், உள்ளங்கையை விரித்து நீட்டினேன். என் கை சிவப்பில்லை. சிவப்பில்லாத கை அவளுக்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. அவள் கால்களைத் தண்ணீர் தொட்டது.

நின்றாள்.

கண் சிமிட்டக்கூடப் பயந்தேன். வீட்டுக்குள் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்து அவளை வாரித் தூக்கினாள்.

"ஏங்க, புள்ள எங்கிட்ட இருக்கா. கைய எறக்குங்க."

இறங்கவில்லை. டீக்கடைக்காரர்தான் பிடித்து மெதுவாக மடக்கிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வழிப்படத்தை மாற்ற, அன்றைக்கே பாலத்தைப் படமெடுக்க நின்றேன். எடுத்ததெல்லாம் நடுங்கிக் கலங்கலாகவே விழுந்தது. போனை வாங்கி மனைவிதான் எடுத்தாள்.