பட்டியலில் ஏறிய பெயர்

தன் கணவரைக் கொண்டுபோன அதிகாரியின் பெயரை அன்ரனெற் பதினான்கு வருடமாக வாய் திறந்து சொன்னதில்லை. முதன்முதலாக அதைச் சொன்னது கனடாவில், அஜின்கோர்ட் பகுதியில், ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேலே இருந்த சிறிய அலுவலகத்தில். எதிரே ஷரோன் என்ற இளம் சட்டத்தரணி மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தாள். எழுத்துச் சரியா என்று பார்க்க அந்தப் பெயரை இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டி வந்தது. அன்ரனெற் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் மன்னாரைச் சேர்ந்தவர். கணவர் அகஸ்ரின் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். யார் கொண்டுவந்தாலும் திருத்திக் கொடுப்பார்; எஞ்சின் யாருடையது, இயக்கத்துடையதா என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐந்து வயது மகள் நிரோஷினிக்குக் காய்ச்சல் என்று மூவரும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். இராணுவச் சோதனைச் சாவடியில் அகஸ்ரினின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த மேஜர் ஜீப்பைக் கூப்பிட்டான். பிறகு அன்ரனெற்றிடம் உடைந்த தமிழில் சொன்னான்.

"பயப்பட வேணாம். பின்னேரம் விடுறது. நீங்க பிள்ளைக்கு மருந்து எடுங்க."

அன்ரனெற் அந்தச் சொல்லை நம்பிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். திரும்பி வந்தபோது சாவடியில் வேறு ஆட்கள் நின்றார்கள். அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். அந்த வார்த்தையைத்தான் பிறகு ஏறிய ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்டார்.

2011இல் மகளோடு கனடாவுக்கு வந்து சேர்ந்தார். இப்போது ஐம்பத்தொரு வயது. டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் குடியிருப்பு. ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. அந்த மேஜரோ கேணலாகி, பிரிகேடியராகி, ஓய்வு பெற்று, கொழும்பில் ஓர் அமைச்சில் பெரிய பதவிக்கு வந்துவிட்டான்.

அப்படிப்பட்டவர்கள் மீது கனடா தடை விதிக்க வேண்டும் என்று ஷரோனும் சில சட்டத்தரணிகளும் வாக்குமூலங்கள் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் அன்ரனெற் நான்கு தடவை அதே காலையைச் சொன்னார். அகஸ்ரின் போட்டிருந்த சேட்டு என்ன நிறம், மேஜர் எந்தக் கையால் அட்டையை வாங்கினான், ஜீப் எந்தப் பக்கம் திரும்பியது என்றெல்லாம் ஷரோன் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பியபின் அன்ரனெற்றுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஆனாலும் போனார். இவ்வளவு நுணுக்கமாகத் தன்னைக் கேட்கிறவர்கள் ஒருநாள் அவனையும் கேட்பார்கள் என்று நினைத்தார். அப்படி ஷரோன் ஒருபோதும் சொல்லவில்லை. இவராக நினைத்துக்கொண்டது.

2025 பங்குனியில், தவக்காலத்தில், வேலைத்தலத்துக்கு அழைப்பு வந்தது.

"அன்ரி, தடை லிஸ்ற் வந்திட்டுது," என்றாள் ஷரோன். "அவற்றை பேர் இருக்கு."

அன்ரனெற் அப்போதுதான் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்த படுக்கை விரிப்புகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். சூடு முதுகுவரை ஏறியது. அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

அந்த ஞாயிறு ஸ்ரௌவ்வில்லில் அவருடைய அண்ணன் றோய் சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தார். வந்தவர்கள் அன்ரனெற்றின் கையைப் பிடித்து, "சாதிச்சுப் போட்டியள்" என்றார்கள். அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை அஜின்கோர்ட்டுக்குப் போனார்.

"பிள்ளை, இனி அவனை எப்ப விசாரிப்பினம்?"

ஷரோன் மடிக்கணினியை மூடினாள். "அன்ரி, இது கோட் விசாரணை இல்லை. அவர் கனடாவுக்கு வரேலாது. இஞ்ச சொத்து, பாங்க் எக்கவுண்ட் எண்டு ஏதும் இருந்தா அதைத் தொடேலாது. இஞ்ச இருக்கிற ஒருத்தரும் அவரோட கொடுக்கல் வாங்கல் வைக்கேலாது."

"அவனுக்கு இஞ்ச என்ன இருக்கு?"

"எங்களுக்குத் தெரிஞ்ச அளவில ஒண்டும் இல்லை."

"அப்ப ஒருத்தரும் அவனிட்ட ஒண்டும் கேக்க மாட்டினம்."

"கேக்க மாட்டினம் அன்ரி. ஆனா, 'நீ செய்தனி' எண்டு அவரைப் பாத்து ஒரு கவுண்மென்ற் வெளிப்படையாச் சொன்னது இதுதான் முதல் தரம். அது சின்ன விசயம் இல்லை."

"ஓம், சின்ன விசயம் இல்லைத்தான்," என்றார் அன்ரனெற். அதை அவர் மனதாரத்தான் சொன்னார்.

அந்த வாரமே அதிகாரி தொலைக்காட்சியில் வந்தான். நிரோஷினி கைபேசியில் தமிழ் எழுத்துகள் ஓடும் காணொளியைக் காட்டினாள். முடிக்குச் சாயம் பூசியிருந்தான். கழுத்தில் யாரோ போட்ட மாலை. கனடாவில் தனக்கு ஒரு கதிரைகூட இல்லை என்றும், அந்தக் குளிரில் தனக்கு என்ன வேலை என்றும் சொல்லிச் சிரித்தான். நிருபர்களும் சிரித்தார்கள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து ஒரு வாரத்தில் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. அகஸ்ரினின் அக்கா பிலோமினா பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து பேசினார்.

"மச்சாள், வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தவை. சாதாரண உடுப்பு. எங்கயிருந்து வாறம் எண்டு சொல்லேல்லை. கனடாவில ஆர் பேர் குடுத்தது எண்டு கேட்டவை. நான் ஒண்டும் தெரியாதெண்டிட்டன்."

"அடிச்சவையோ?"

"இல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவை." பிலோமினா குரலைத் தாழ்த்தினார். "உமக்கொரு விசயம் சொல்லாமல் வைச்சிருந்தனான். போனில சொல்லப் பயமா இருந்தது. அண்டைக்குத் தம்பியை ஏத்தின ஜீப்பை ஓட்டினவன் இருக்கிறான். சிலாபம் பக்கத்து ஆள், எங்களைப் போல வேதக்காரன். இப்ப நோய் வந்த வருத்தக்காரன். போன வருசம் எங்கட கோயில் ஃபாதரைத் தேடி வந்து, அண்டைக்குப் பிடிச்ச ஆக்களை எங்க கொண்டுபோனதெண்டு தனக்குத் தெரியும் எண்டவனாம். வாற உயிர்த்த ஞாயிறு முடிய வந்து இடத்தைக் காட்டுறன், ஒருத்தற்றை பேரும் வெளியில வரக்கூடாது எண்டு மட்டும் கேட்டவனாம்."

அன்ரனெற் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"வந்தவனோ?"

"லிஸ்ற் வந்த அடுத்த கிழமை ஃபாதருக்குப் போன் அடிச்சு, இனி என்னைத் தேட வேண்டாம் எண்டவனாம். இப்ப அந்த நம்பர் வேலை செய்யேல்லை. ஃபாதர் சிலாபத்துக்கும் போய்ப் பாத்தவர். வீடு பூட்டிக் கிடக்குதாம்."

"அவர் உயிரோட எண்டு சொன்னவனோ, இல்லாட்டி..."

"அது சொல்லேல்லை. இடம் தெரியுமெண்டு மட்டும்தான்."

"என்னிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மச்சாள்."

"நீர் பேர் குடுத்ததை என்னிட்டச் சொன்னனீரோ?"

பிலோமினாவுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் அன்ரனெற் மறைத்தார். போனில் சொல்லப் பயந்தும், அகஸ்ரின் விசயத்தில் வீண் ஆசை ஊட்டக்கூடாது என்றும் பிலோமினாவும் மறைத்திருந்தார். கொஞ்சக் காலத்துக்குப் போன் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிலோமினா வைத்துவிட்டார்.

மறுநாள் அன்ரனெற் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஷரோனிடம் போனார். நடந்ததைச் சொல்லி, "அந்தப் பேரை வெட்டச் சொல்லேலாதோ பிள்ளை?" என்று கேட்டார்.

ஷரோன் மடிக்கணினியில் சட்டப் பிரிவைத் திறந்து பார்த்தாள். "அன்ரி, தன்ரை பேரை எடுக்கச் சொல்லி இஞ்சத்தை அமைச்சருக்கு, லிஸ்ற்றில இருக்கிற அவர்தான் விண்ணப்பம் போடலாம். சட்டம் அப்பிடித்தான் இருக்கு. நீங்கள் போடேலாது."

"பேர் குடுத்தது நான்."

"ஓம். ஆனா எடுக்கச் சொல்லிக் கேக்கிற உரிமை அவருக்குத்தான்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எடுத்தாலும் அந்த ட்ரைவர் திரும்பி வருவார் எண்டு நினைக்கிறியளோ?"

அன்ரனெற் யோசித்தார். "இல்லை," என்றார்.

ஷரோன் கனடாவின் வெளிவிவகார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதினாள். சாட்சிகளின் குடும்பத்தினருக்கு மிரட்டல் வருகிறது என்று விவரமாக எழுதியிருந்தாள். கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

நிரோஷினிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. தகப்பனின் முகம் அவளுக்குப் படத்தில் பார்த்த அளவில்தான் நினைவு. பதில் வந்த அன்று மாலை தாய் சமைக்காமல் குசினியில் நிற்பதைக் கண்டு பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, இது உங்கட ஃபோல்ற் இல்லை. யூ டிட் த ரைட் திங்."

"பிழை ஆரில எண்டு நான் கேக்கேல்லை பிள்ளை," என்றார் அன்ரனெற். "இனி ஆரிட்டக் கேக்கிறது எண்டுதான் தெரியேல்லை."

கோடையில் அந்த இரண்டு பேர் பிலோமினாவின் வீட்டுக்கு இன்னும் இரு தடவை வந்தார்கள். பிறகு வரவில்லை. ஃபாதருக்கு வேறு பங்குக்கு மாற்றம் கிடைத்தது. ஓட்டுநர் மகளோடு இத்தாலிக்குப் போய்விட்டதாக ஒரு கதை, ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக இன்னொரு கதை. இரண்டையும் உறுதிப்படுத்த ஆளில்லை. அதிகாரி அதே பதவியில் இருக்கிறான். ஷரோன் வேறு குடும்பங்களின் வாக்குமூலங்களை எடுத்துக்கொண்டிருக்கிறாள்; சாட்சி சொல்ல வருகிறவர்களிடம், ஊரில் உள்ளவர்களோடு முதலில் பேசிவிட்டு வாருங்கள் என்று இப்போது சொல்கிறாளாம்.

கார்த்திகை தொடக்கத்தில் இறந்தோர் திருநாள் வந்தது. கோயில் வாசலில் வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். இறந்தவர்களின் பெயர்களை எழுதினால் மாதம் முழுவதும் பூசையில் நினைப்பார்கள். அன்ரனெற் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து தகப்பனின் பெயரையும் தாயின் பெயரையும் எழுதினார். பேனா மூன்றாவது கோட்டில் நின்றது.

நிரோஷினி குனிந்து பார்த்தாள். "அப்பாட பேரை நான் எழுதட்டோ அம்மா?"

"உனக்குத் தெரியுமோ?"

"என்னது?"

"செத்திட்டார் எண்டு."

நிரோஷினி இல்லை என்று தலையாட்டினாள்.

"எனக்கும் தெரியாது," என்ற அன்ரனெற் தாளை மடித்துக் கூடையில் போட்டார். மூன்று மணிக்கு அவருக்கு வேலை. பூசை முடியுமுன்பே எழுந்து, பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.