அமலோர் தாமாக விலகவில்லை

அமலோர் அண்ணன் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. காலை ஏழு மணிக்கு அவர் மகள் தொலைபேசியில் அழுதாள். "அப்பா எழுந்திருக்கல சித்தப்பா" என்றாள். பத்து மணிக்கு, நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வானொலி நிலையத்திலிருந்து நாலு வரி இரங்கல் குறிப்பு வந்தது. என் குரலில் பதிவு செய்து தர வேண்டுமாம். "உடல்நலக் குறைவால் தாமாகவே நிகழ்ச்சியிலிருந்து விலகிய அமலோர்" என்று அதில் இருந்தது. பச்சைப் பொய்! அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. ஏனென்றால் அந்தப் பொய்யை முதன்முதலில் எழுதியவனே நான்தான்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு குழாய்த் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். இரவு பதினோரு மணிக்கு எங்கள் நிலையத்தில் 'முக்கியமற்ற அறிவிப்புகள்'. அரை மணி நேரம் தனியாளாகப் பேசுவார். "மேதாம்களே, முசியேக்களே, வணக்கம். தூங்குகிறவர்கள் தயவுசெய்து எழுந்திருக்க வேண்டாம்" என்று பிரெஞ்சு மரியாதையோடு தொடங்குவார். அரசாங்க அறிவிப்பு வாசிக்கிற அதே விறைப்பான குரல். பிரெஞ்சுக்காரன் நட்ட பழைய விளக்குக் கம்பம் ஒன்று, பென்ஷன் கிழவர்களோடு வரிசையில் நின்று உயிர்ச் சான்றிதழ் கேட்ட கதையை ஒரு நாள் சொன்னார். "உயிரோடு இருக்கிறாயா?" என்று அதிகாரி கேட்கிறார். "ராத்திரியில் மட்டும்" என்கிறது கம்பம். ஒலிபரப்பை இயக்கிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான் சிரித்த சிரிப்பில் அடுத்த விளம்பரத்தைப் போட மறந்துவிட்டேன்.

கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்துக்கொள்ள மாட்டார். "எழுதி வெச்சுக்குங்கண்ணே, எனக்குப் பக்பக்குங்குது" என்று கெஞ்சுவேன். "எழுதினா எனக்கே முன்னாடியே தெரிஞ்சிடும் தம்பி. அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்?" என்பார்.

கடல் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். "வரும் செவ்வாய்க்கிழமை கடல் கழுவப்படுகிறது. இத்தனை காலமாக உள்ளேயே தண்ணீர் இருந்தும் ஒருவரும் கழுவவில்லை. ஆகவே அன்று கடல் இருக்காது. நண்டுகள் தத்தம் உடைமைகளுக்குத் தாமே பொறுப்பு" என்று அறிவித்தார். மறுநாள் தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வி அவரைப் பிடித்துக்கொண்டாள். "யோவ் அமலோரு, செவ்வாக்கெழம கடலு இல்லன்னா நான் இன்னாத்தய்யா விக்கிறது? உன்னயா கூறு போட்டு விக்கிறது?" மார்க்கெட்டே சிரித்தது. செவ்வாய்க்கிழமை படகுகள் வழக்கம்போலக் கடலுக்குப் போய் வழக்கம்போலத் திரும்பின.

கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குப் புரிந்த வேடிக்கை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரிக்குப் புரியவில்லை. பொதுமக்களிடையே பீதி பரப்பியதாக நிலையத்துக்குக் கடிதம் போட்டார். கடல் கழுவப்படும் என்ற தகவலுக்கு ஆதாரம் என்ன என்றும் கேட்டிருந்தார். எந்தப் பொதுமக்கள்? என்ன பீதி? அமலோர் அண்ணன் ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார்: "நேரில் பார்த்தேன், அழுக்காகத்தான் இருந்தது."

நிர்வாகம் நடுங்கிவிட்டது. இனி ஒவ்வோர் அறிவிப்புக்குப் பிறகும் 'இது கற்பனை' என்று சொல்ல வேண்டும் என்றார்கள். "சிரிக்கிறவனுக்கு ரசீது குடுக்கச் சொல்றீங்களா? என்னால ஆவாது" என்று அவர் எழுந்து வந்துவிட்டார். அன்றோடு நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். நேயர்கள் கேட்டால் என்ன சொல்வது? உடல்நலக் குறைவு, தாமாக விலகினார் என்று அவர் பெயரிலேயே ஒரு கடிதம் தயார் செய்யும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எழுதினேன். அண்ணன் அதைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரமே அவரோடு மார்க்கெட்டுக்குப் போனேன். செல்வி மீன் அறுத்துக்கொண்டிருந்த கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள். "உனுக்கு இன்னாய்யா ஆச்சு? பாத்தா நல்லாத்தான கீற?" அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு இரண்டு முறை இருமினார். "நெஞ்சுல சளிம்மா" என்றார். வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானண்ணே!" என்று கத்தினேன். "சொன்னா உன் வேல போயிடும். ரெண்டு இருமல்தான, காசா பணமா?" என்றார். மூலக்குளத்திலிருந்து தவளக்குப்பத்துக்கு அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வருகிற மனுஷன், அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் இருமினார். நான் ஓய்வு பெற்ற பிறகும் இருமினார். நண்டு ரசம் கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் வாங்கிக் குடித்துவிட்டு இருமினார். நானும் பேசாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று நிலையத்துக்குப் போனேன். அவர்கள் தந்த நாலு வரியை அடித்துவிட்டு, "அமலோருக்கு எந்த நோயும் இருக்கவில்லை. நிகழ்ச்சியை நிலையம்தான் நிறுத்தியது. பொய்க் கடிதம் எழுதியவன் நான்" என்று படித்தேன். இப்போதைய மேலாளர் பதிவை நிறுத்தினார். "சார், அப்ரூவ் ஆனத மட்டும் படிங்க" என்றார். காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்ல விடாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அடக்கத்தின்போது செல்வி என் பக்கத்தில் நின்றாள். "அந்தச் சளிதான் ஆள அடிச்சிட்டு போயிடிச்சா?" என்று அழுதாள். சளியே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுகை நின்றது. "அடப்பாவி! அப்ப இத்தினி வருசமா உனுக்காவவா இருமினாரு?"

ஆமாம் என்றேன். அவர் பேசிய ஒரு நிகழ்ச்சியைக்கூட நிலையம் பாதுகாத்து வைக்கவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அவர் குரலில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இருமல் ஒன்றுதான். அது காதில் கேட்கும்போதெல்லாம் முதலில் நிலையத்தின் மேல் கோபம் வருகிறது, பிறகு என் மேல்.