மரத்துக்கு அடியில் இருந்த முத்திரை

பழுதுபார்க்க வந்த பழைய வேட்டைத் துப்பாக்கியின் குழலில் மாமனார் கடையின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் விரிசல். மாமனார் பட்டறையில் கிடந்த வேறொரு போல்ட்டை நீட்டினார்.

"இது சேராது மாமா. போல்ட் ஓடுற இந்த இரும்புக்கூடு, இந்த ஆக்‌ஷன், நம்ம பட்டறையில செஞ்சதில்ல," என்றாள் மருமகள்.

"எங்கப்பா செஞ்சத நேத்து வந்த நீ இல்லேங்கிறியா? மாட்டு!"

மாட்டினால் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும். அவள் திருகாணிகளைக் கழற்றித் துப்பாக்கியின் மரக்கட்டையைப் பிரித்தாள். ஆக்‌ஷனின் அடியில் வேறொரு தொழிற்சாலையின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

மாமனார் முகம் கறுத்தது. "மரத்தை மூடு. பட்டறைச் சாவிய வச்சுட்டு வெளிய போ. துப்பாக்கி கொண்டு வந்தவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் சாவியை வைத்தாள். அவர் நீட்டிய போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இத எடுத்துட்டுப் போறேன் மாமா. இங்க கெடந்தா துப்பாக்கியில மாட்டிடுவீங்க."