தமிழய்யாவின் கோப்புகள் வாய் திறந்த நாள்

பழைய கணினிப் பெட்டியை வெள்ளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேவகோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிய தமிழய்யாவை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்தியவர். ஆண்டு விழா நாடகங்களெல்லாம் அவர் எழுதியவைதான். அச்செடுத்த தாள்களைக் கரையான் தின்றுவிட, மிஞ்சியது அந்தப் பெட்டிக்குள் இருந்த கோப்புகள் மட்டும். காரைக்குடியில் நான் ஓர் எளிய எழுதுசெயலியை உருவாக்கி இலவசமாகக் கொடுத்துவந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது.

கோப்பைத் திறந்தால் திரை முழுக்கக் கேள்விக்குறியும் டாலர் குறியும் தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துமாக ஒரே கிறுக்கல். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுவதற்கு முன், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை எழுத்துரு செய்தவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த அட்டவணைக்குப் பெயர்தான் குறியேற்றம். எனக்குத் தெரிந்த குறியேற்றங்களையெல்லாம் செயலியில் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. கணினி விற்ற கடைக்காரர் சொந்தமாக ஓர் எழுத்துரு செய்து போட்டுக் கொடுத்திருக்கிறார். பின்னால் பழுது பார்க்க வந்த புண்ணியவான் அதைத் துடைத்துவிட்டுக் கோப்புகளை மட்டும் விட்டுவைத்தார். கடையும் மூடிப் பல காலமாகிவிட்டது.

"விட்டுருங்க தம்பி. எழுதுனதே போச்சு, இனிமே ஒரு வரி எழுதப்போறதில்ல," என்றார் ஐயா. வகுப்பில் இடிபோல முழங்கிய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அந்த முகம் தெரியாத கடைக்காரரை மனத்துக்குள் நன்றாகத் திட்டினேன்.

வேறு வழி தெரியாமல் ஒவ்வொரு கோப்பாகத் திறந்துகொண்டே போனபோதுதான் கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும் முதல் வரி அதே ஐந்து கிறுக்கல்கள்.

"ஐயா, எதை எழுதுனாலும் மொதல்ல என்ன போடுவீக?"

"சிவமயம்தான். வேற என்னத்தப் போடுறது?" என்று, நான் ஊரையே மறந்துவிட்டதுபோலப் பார்த்தார்.

கல்யாணப் பத்திரிகையானாலும் கடைத் துண்டுச் சீட்டானாலும் எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் எழுத்தே தொடங்காது. ஐந்து குறிக்கு ஐந்து எழுத்து கிடைத்துவிட்டது. இரண்டாவது வரி நாடகத்தின் தலைப்பு. அவையெல்லாம் ஐயாவுக்கு மனப்பாடம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அட்டவணை நிரம்பியது. நிரம்ப நிரம்பக் கிறுக்கல் தமிழானது. மத்தியானச் சாப்பாட்டை இருவருமே மறந்துபோனோம்.

முதல் பக்கம் முழுதாகத் தெளிந்தபோது, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஐயா கண் கலங்குவார், தழுதழுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். படிக்கப் படிக்க முகத்தைச் சுளித்தார்.

"ராசா பேசுற இந்த இடம் சப்புன்னு இருக்கே. கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி உக்காருங்க தம்பி, மாத்தணும்," என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.